ஃபோனில் ஊதி நுரையீரலை அளக்கலாமா? ஆப்களும் கையடக்க ஸ்பைரோமீட்டரும்

எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. அதனால் 'நுரையீரல் சோதனை' என்ற பெயரில் ஆப் ஸ்டோரில் எது வந்தாலும் இறக்கிப் பார்த்துவிடுவேன், ப்ளூடூத் வழியாக ஃபோனோடு இணைகிற கையடக்க ஸ்பைரோமீட்டர் (ஊதுகிற காற்றை அளக்கிற கருவி) ஒன்றையும் தினமும் ஊதி வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊதுகிற காற்றை அளக்க நிஜமான சென்சார் ஒன்று வாயருகே இருந்தால் ஃபோன் அருமையான துணை. அது இல்லாமல் மைக்கையும் கேமராவையும் மட்டும் வைத்து நுரையீரலுக்கு எண் போடுகிற ஆப்களை இப்போதைக்கு நம்ப வேண்டாம். நான் பயன்படுத்தியவற்றின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் பார்த்த குறைகள் ஒரு கம்பெனியோடு நிற்பவை அல்ல, அந்த வகை முழுவதிலும் இருப்பவை.

மோசமானதிலிருந்து தொடங்குகிறேன். மூச்சைப் பிடிக்கச் சொல்லி, திரையில் ஒரு பந்தை நகர்த்தி, இத்தனை விநாடி தாங்கினால் 'உங்கள் நுரையீரல் ஆரோக்கியமாக உள்ளது' என்று சொல்கிற ஆப்கள் இன்னும் இருக்கின்றன. 2020-இல் கொரோனா நேரத்தில் 10 விநாடி மூச்சை அடக்க முடிந்தால் தொற்று இல்லை என்று ஒரு செய்தி எல்லா ஃபோனுக்கும் வந்ததே, அதே சரக்குதான், உடை மட்டும் மாறியிருக்கிறது. மூச்சை எவ்வளவு நேரம் அடக்குகிறோம் என்பது பழக்கம், மனஉறுதி, அப்போதைய பதற்றம் என்று பலவற்றைப் பொறுத்தது. மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்பதை அது காட்டாது. நன்றாக இளைப்பு இருக்கிற ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு 30 விநாடி தாங்கிவிட்டு, ஆப் பச்சை காட்டியது என்று இன்ஹேலரைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? இந்த ஆப்களை உடனே நீக்கிவிடுங்கள்.

விரலை கேமராவில் வைத்து ஆக்சிஜன் அளவு சொல்கிற ஆப்கள் அடுத்தது. இதில் நேர்மையான ஆராய்ச்சி நடக்கிறது என்பது உண்மை. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 2022-இல் சாதாரண ஃபோனின் கேமராவும் ஃபிளாஷும் வைத்து ரத்த ஆக்சிஜன் 70 சதவீதம் வரை இறங்குவதைக் கணிக்க முயன்றன, ஆனால் அது 6 பேரை வைத்துச் செய்த தொடக்கநிலைச் சோதனை. ஆப் ஸ்டோரில் கிடைப்பது அது அல்ல. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: ஆக்சிஜன் அளவும் நுரையீரல் வேலைத்திறனும் ஒன்றல்ல. ஆஸ்துமா கிளம்பும்போது மூச்சுக்குழாய் கணிசமாகச் சுருங்கிய பிறகும் ஆக்சிஜன் அளவு இயல்பாகவே காட்டலாம், அது விழத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே மோசமாகியிருக்கும். ஆகவே விரலில் மாட்டுகிற நல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தாலும், '98 காட்டுகிறது, அதனால் ஒன்றுமில்லை' என்று ஆஸ்துமாக்காரர் முடிவு கட்டக் கூடாது. கருத்த தோலில் அந்தக் கருவிகள் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-இல் எச்சரித்ததையும் நம்மில் பலர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, நிஜமான சோதனை எது? ஸ்பைரோமெட்ரி. 1846-இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த பாத்திரத்துக்குள் ஆட்களை ஊதச் சொல்லி அளந்தார், அடிப்படை இன்றும் அதுதான். முழுதாக இழுத்து, ஒரே மூச்சில் வெடிப்பதுபோல் ஊதி, உள்ளே இருப்பதெல்லாம் தீரும்வரை தள்ள வேண்டும். மொத்தம் வெளிவந்த காற்று எஃப்விசி. முதல் ஒரு விநாடிக்குள் வந்தது மட்டும் எஃப்இவி1. இந்த முதல் விநாடிதான் விஷயமே. மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தாலும் காற்று கடைசியில் வந்துதான் சேரும், ஆனால் மெதுவாக வரும், அதனால் மொத்தம் பெரிதாகக் குறையாமல் முதல் விநாடியின் பங்கு மட்டும் விழும். மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து கொடுத்த பிறகும் எஃப்இவி1-ஐ எஃப்விசி-யால் வகுத்தால் 0.7-க்குக் கீழே வருகிறதா என்று பார்ப்பது, நீண்டநாள் மூச்சுக்குழாய் அடைப்பு நோயான சிஓபிடி-யைக் கண்டறிவதில் முக்கியமான படி.

இதை மைக் வழியாகவே செய்துவிடலாம் என்ற எண்ணம் அழகானது, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷ்வேதக் படேலின் குழு 2012-இல் ஸ்பைரோஸ்மார்ட் என்ற ஒன்றைச் செய்து காட்டியது: ஃபோனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து ஊதினால், மைக்கில் விழுகிற சத்தத்திலிருந்து உதட்டருகே காற்று எவ்வளவு வேகமாகப் போயிருக்கும் என்று கணக்கிடும். 52 பேரிடம் சோதித்ததில் மருத்துவமனைக் கருவியோடு சராசரி வித்தியாசம் 5.1 சதவீதம். அப்புறம் 2016-இல் ஸ்பைரோகால் வந்தது, இதில் ஸ்மார்ட்ஃபோன்கூட வேண்டாம், எந்த ஃபோனிலிருந்தும் ஓர் எண்ணை அழைத்து ஊதினால் போதும், அந்த அழைப்பின் மறுமுனையில் இருக்கிற கணினி கணக்குப் போடும். அதில் சராசரி பிழை 6.2 சதவீதம். நுரையீரல் மிகவும் பலவீனமாகி, மைக்கில் விழுகிற அளவுக்குச் சத்தம் எழுப்ப முடியாதவர்களுக்காக ஒரு சின்ன விசிலையும் 3டி பிரிண்டில் செய்திருந்தார்கள். விசிலின் சுருதி காற்றின் வேகத்தைப் பொறுத்து ஏறி இறங்கும், அதை எந்த மட்டமான மைக்கும் பிடித்துவிடும். ஸ்பைரோமீட்டரே கிடைக்காத இடத்தில் இருப்பவர்களை மனதில் வைத்துச் செய்த வேலை இது, எனக்கு அந்தக் குழுவின் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் 5 சதவீதச் சராசரி என்பது என்ன என்று யோசியுங்கள். எஃப்இவி1 2 லிட்டர் இருக்கிற ஒருவருக்கு அது 100 மில்லிலிட்டர். அதுவும் சராசரிதான், சிலருக்கு அதைவிட அதிகமாக விலகியிருக்கும். மருத்துவமனைக் கருவியோ 3 லிட்டர் சிரிஞ்சால் சோதிக்கும்போது 2.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவ அமைப்புகள் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட தரநிலை கேட்கிறது. இன்னொரு சிக்கல், ஃபோன் மைக் பேச்சைப் பிடிக்கச் செய்யப்பட்டது. காற்று மோதும் சத்தம் அதற்கு இரைச்சல், அதை வடிகட்டத்தான் ஃபோனின் மென்பொருள் பாடுபடும். மாடலுக்கு மாடல் இது மாறும். நீங்கள் ஊதும்போது கை கொஞ்சம் வளைந்து ஃபோன் அருகே வந்தாலும், உதட்டைக் குவித்தாலும், ஃபேன் ஓடினாலும் சத்தம் மாறும். நான் இறக்கிய மைக் ஆப் ஒன்றில் உட்கார்ந்த இடத்திலேயே அடுத்தடுத்து ஊதியதில் வந்த எண்கள் இரண்டு வேறு மனிதர்களுடையவை போல இருந்தன. அதே ஆப்பில் ஒரு துணியை ஃபோன் மேல் உரசினேன், அதற்கும் எஃப்இவி1 போட்டுக் கொடுத்தது. 'இது ஊதின சத்தமே இல்லை' என்று மறுக்கத் தெரியாத கருவி மருத்துவக் கருவி ஆகாது.

இருமல் சத்தத்தை வைத்து நோய் சொல்கிறோம் என்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெஸ்ஆப் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் இதில் பல வருடம் வேலை செய்தது, 2022-இல் ஃபைசர் அதை வாங்கியது, ஆகவே விளையாட்டு விஷயம் அல்ல. ஆனால் கொரோனாவை இருமலில் கண்டுபிடிப்பதாகச் சொன்ன கணினி மாதிரிகளை பிரிட்டனில் பெரிய அளவில் ஒழுங்காகச் சோதித்தபோது, அறிகுறிகளை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அவை மேலாக இல்லை என்றுதான் வந்தது. ராத்திரி எத்தனை முறை இருமினேன் என்று எண்ணுவதற்கு இருமல் ஆப் பயன்படும், அந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்பது ஆஸ்துமாவில் பயனுள்ள தகவல்தான். அதற்காகப் படுக்கையறையில் ராத்திரி முழுக்க மைக்கைத் திறந்துவைக்கச் சம்மதமா, அந்த ஒலிப்பதிவு ஃபோனிலேயே இருக்கிறதா வெளியே போகிறதா என்பதை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

இப்போது எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம்: ப்ளூடூத் ஸ்பைரோமீட்டர். சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி, அதில் ஒரு வாய்க்குழல், குழலுக்குள் சின்னக் காற்றாடி. ஊதினால் காற்றாடி சுழலும், அதன் இதழ்கள் ஓர் அகச்சிவப்பு ஒளிக்கற்றையை மறைத்து மறைத்து விடும், அந்த எண்ணிக்கைதான் காற்றின் வேகமாக ஃபோனுக்குப் போகிறது. எம்ஐஆர் ஸ்மார்ட் ஒன், நுவோஏர் ஏர் நெக்ஸ்ட் போன்றவை இந்தக் காற்றாடி வகை. காற்றாடி இல்லாமல் அல்ட்ராசவுண்ட் அலையால் அளக்கிற கருவிகளும் உண்டு, அசையும் பாகம் இல்லாததால் தேய்மானம் குறைவு. வாங்கும்போது கருவி எதையெல்லாம் அளக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். சிலது ஊதலின் உச்ச வேகமான பீக் ஃப்ளோவும் எஃப்இவி1-ம் மட்டும் தரும், சிலது எஃப்விசி-யும் முழு வளைவும் தரும். ஆஸ்துமாவை வீட்டில் கவனிக்க முதல் வகையே போதும். சிஓபிடி என்றாலோ நுரையீரல் தழும்பு நோய் என்றாலோ எஃப்விசி இல்லாத கருவி உங்களுக்குப் பாதிக் கதைதான் சொல்லும்.

வளைவைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எண்ணைப் பார்ப்பதைவிட நல்லது என்பது என் அபிப்பிராயம். காற்றின் வேகம் மேலே, அளவு கிடையாக. நல்ல ஊதலில் கோடு செங்குத்தாக ஏறி, கூர்மையான உச்சி தொட்டு, ஏறக்குறைய நேராகச் சரிந்து இறங்கும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் இறங்குகிற பக்கம் கரண்டியால் வழித்தெடுத்ததுபோல் உள்வாங்கி இருக்கும். நன்றாக இருக்கிற நாளிலும் இளைப்பு வருகிற நாளிலும் உங்கள் கோட்டை அருகருகே வைத்துப் பாருங்கள், எந்த மருத்துவ விளக்கமும் தேவைப்படாது. உச்சி மழுங்கியிருந்தால் வேகமாகத் தொடங்கவில்லை, நடுவில் பள்ளம் விழுந்தால் இருமியிருக்கிறீர்கள், கடைசியில் கோடு வெட்டினாற்போல் நின்றால் பாதியிலேயே விட்டுவிட்டீர்கள்.

ஊதுகிற விதம் கருவியைவிட முக்கியம் என்று சொன்னாலும் தப்பில்லை. மருத்துவமனையில் டெக்னீஷியன் பக்கத்தில் நின்று 'ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும், இன்னும்' என்று கத்துவாரே, அது சும்மா இல்லை, அந்தக் குரல் இல்லாமல் பெரும்பாலானவர்கள் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். வீட்டில் அந்த வேலையை ஆப் செய்ய வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்து, மூக்கை கிளிப்பாலோ விரலாலோ அடைத்து, முழுக்க இழுத்து, தாமதிக்காமல், நாக்கு குழலை மறைக்காமல், உதட்டோரம் கசியாமல் ஊத வேண்டும். குறைந்தது மூன்று நல்ல ஊதல் வேண்டும், அதில் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும், பெரியவர்கள் எட்டு முறைக்கு மேல் முயல வேண்டாம். நடுவில் தலை சுற்றினால் ஓய்வெடுங்கள். நல்ல ஆப் ஒவ்வொரு ஊதலுக்கும் 'தொடக்கம் மெதுவாக இருந்தது', 'இன்னும் நீளமாக ஊதுங்கள்' என்று குறிப்புச் சொல்லும், ஒத்துப்போகாத ஊதலைக் கணக்கில் சேர்க்காது. நான் முதலில் வைத்திருந்த கருவியின் ஆப் இதைச் செய்யவே இல்லை, அரைகுறையாக ஊதினதற்கும் பச்சை டிக் போட்டு, அந்த எண்ணையே அன்றைய பதிவாகச் சேமித்துக்கொண்டது, அதனால்தான் கருவியை மாற்றினேன். சில ஆப்களில் ஊதும்போது திரையில் மெழுகுவத்தி அணைவதுபோல் ஒரு படம் வரும், குழந்தைகளுக்கு அது மிக நல்லது, வேகத்தோடு நீளத்தையும் சேர்த்துக் கேட்கிற விளையாட்டாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வெறும் மெழுகுவத்தி அணைந்தவுடன் குழந்தை நிறுத்திவிடும்.

அடுத்து, 'எதிர்பார்க்கப்படும் அளவில் இத்தனை சதவீதம்' என்று ஆப் காட்டுகிற எண். இது உங்கள் வயது, உயரம், பாலினம் வைத்து ஒரு சூத்திரம் போடுகிற கணக்கு. உயரத்தைத் தோராயமாகப் போட்டால் சதவீதமும் தோராயமாகத்தான் வரும், வளர்கிற பிள்ளைக்கு உயரத்தை அவ்வப்போது மாற்றாவிட்டால் கணக்கே தவறிவிடும். பல ஆப்கள் இனம் என்ன என்றும் கேட்கும். 2012-இல் வந்த உலகளாவிய சூத்திரத்தில் இனப் பிரிவுகள் இருந்தன, தெற்காசியர்களுக்கென்று தனிப் பிரிவு அதில் கிடையாது, அதனால் நம்மவர்கள் எதைத் தொடுவது என்று விழிக்க வேண்டியதுதான். ஒரே ஊதலுக்கு ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தால் 'இயல்பு', இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தால் 'குறைவு' என்று வரக்கூடிய நிலை. 2023-இல் அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி இனம் பார்க்காத சூத்திரத்துக்கு மாறும்படி பரிந்துரைத்தது. உங்கள் ஆப் எந்தச் சூத்திரத்தில் ஓடுகிறது என்று அமைப்புகளில் போய்ப் பாருங்கள், நடுவில் மாற்றினால் நேற்று வரை ஒரு சதவீதம் இன்று வேறு சதவீதம் என்று வரும், உடம்பில் எதுவும் மாறியிருக்காது.

அதனால் வீட்டில் நான் நம்புவது என்னுடைய சொந்த உச்ச அளவை. நன்றாக இருக்கிற காலத்தில் வந்த மிகச் சிறந்த எண்ணை அடிப்படையாக வைத்து, பீக் ஃப்ளோ அதில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் பச்சை, 50-லிருந்து 80 வரை மஞ்சள், 50-க்குக் கீழ் சிவப்பு என்று பிரித்து, எந்த நிறத்தில் எந்த மருந்து என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது. இது ஃபோன் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில், இன்ஹேலர் போடுவதற்கு முன் ஊதுங்கள்.

ஃபோன் நிஜமாகவே ஜெயிக்கிற இடம் இந்தக் காலை மாலைக் கணக்குதான். ஆஸ்துமா மணிக்கு மணி மாறுகிற நோய், விடியற்காலையில் நெஞ்சு இறுகும், பகல் 11 மணிக்கு டாக்டர் முன்னால் உட்காரும்போது எல்லாம் சரியாக இருக்கும், அங்கே எடுக்கிற ஸ்பைரோமெட்ரியும் இயல்பாகவே வரும், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரு நாளின் உயர்ந்த பீக் ஃப்ளோவிலிருந்து தாழ்ந்ததைக் கழித்து, அந்த நாளின் சராசரியால் வகுத்து, இரண்டு வாரம் அதைத் தொடர்ந்து சராசரி எடுத்தால், பெரியவர்களுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் அது ஆஸ்துமாவின் ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி சொல்கிறது. இந்தக் கணக்கை நோட்டில் போட யாருக்கும் பொறுமை இருக்காது. ஆப் தானாகப் போடும், தேதியும் நேரமும் அதில் இருக்கும், யாரும் ஞாபகத்தில் இருந்து எழுதியதில்லை. என் டாக்டர் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறார், விடியற்காலைச் சரிவு எவ்வளவு ஆழம் என்று பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா, நான் இன்ஹேலர் இழுக்கிற விதத்தைத் திருத்துவதா என்று பேசுகிறார்.

இதற்கு ஸ்மார்ட்ஃபோனே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் பாதி சரி. ரைட் என்பவர் 1950-களின் கடைசியில் வடிவமைத்த பீக் ஃப்ளோ மீட்டரின் வழிவந்த பிளாஸ்டிக் குழாய் இன்றும் கிடைக்கிறது, பேட்டரி இல்லை, ப்ளூடூத் இணையவில்லை என்ற தொல்லை இல்லை. ஒழுங்காக எழுதிவைக்கிற ஆள் என்றால் அதுவே போதும். ஆனால் பீக் ஃப்ளோ ஒரு கண நேர வேகம், எச்சில் துப்புவதுபோல் ஊதினால் பொய்யாக ஏறும், சின்ன மூச்சுக்குழாய்களில் இருக்கிற சுருக்கம் அதில் சரியாகத் தெரியாது. எஃப்இவி1 அந்த வகையில் நம்பகமானது.

பராமரிப்பு பற்றி யாரும் பேசுவதில்லை. காற்றாடி வகையில் ஒரு முடி மாட்டிக்கொண்டாலே அளவு குறையும். அட்டைக் குழலை ஆளுக்கொன்றாக மாற்ற வேண்டும், ஒரே குழலைக் குடும்பமே ஊதக் கூடாது. காற்றாடியைக் கழுவ வேண்டிய வகை என்றால் கிருமிநாசினி கலந்த நீரில் ஊறவைத்து, அலசி, தானாகக் காயவிடுங்கள், குழாய்த் தண்ணீரை நேராகப் பீய்ச்சுவதும் ஹேர் டிரையர் காட்டுவதும் வேண்டாம். எண் திடீரென்று இறங்கினால், உடம்பில் அறிகுறி எதுவும் இல்லையென்றால், முதலில் குழலுக்குள் பாருங்கள்.

சிலர் ஊதக் கூடாது என்பதை ஆப்கள் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுகின்றன, அது முதல் திரையில் இருக்க வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கண், மூளை, நெஞ்சு, வயிறு அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தவர்கள், இருமலில் ரத்தம் வருபவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஊத வேண்டாம். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நிவாரண இன்ஹேலர் போட்டும் அடங்கவில்லை என்றால், எண் பார்க்கிற நேரம் அது இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எண் பச்சையில் இருந்து உங்களுக்கு மூச்சு முட்டினாலும் உங்கள் உடம்பைத்தான் நம்ப வேண்டும்.

என் இப்போதைய கருவியிலும் ஒரு பெரிய வருத்தம் உண்டு. ஆப்பைப் புதுப்பித்தபோது பழைய பதிவுகள் வேறு கணக்கில் மாட்டிக்கொண்டன, வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி எழுதித்தான் மீட்க முடிந்தது. அதனால் வாங்கும் முன் இதைச் சோதியுங்கள்: பதிவுகளை பிடிஎஃப்-ஆக மட்டும் அல்லாமல் அட்டவணைக் கோப்பாகவும் இறக்க முடிகிறதா, அதில் ஒவ்வொரு ஊதலின் தரக் குறிப்பும் வருகிறதா, இணையம் இல்லாமலும் ஊதிச் சேமிக்க முடிகிறதா, மாதச் சந்தா நிறுத்தினால் உங்கள் பழைய எண்கள் உங்களிடமே இருக்குமா. இந்த நான்கில் ஒன்றுக்காவது 'இல்லை' என்று பதில் வந்தால் வேறு கருவியைப் பாருங்கள்.